யந்திரம் வாங்கினார்கள், தண்ணீர் வாங்கவில்லை!

பொன்னேரி தாலுகாவிலே, காட்டுப்பள்ளிக் கரையிலே, 2010-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒரு பெரிய ஆலை திறந்துவைக்கப்பட்டது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும் வல்லமை படைத்தது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி திறந்துவைத்தார். மீஞ்சூர் ஆலை என்று பெயர் விளங்கிற்று. அந்த நீர் குழாய் வழியே தெற்கே போயிற்று. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்று வடசென்னைக்குப் போயிற்று. நல்லது. வடசென்னைத் தொழிலாளி வீட்டுக் குழந்தை நல்ல தண்ணீர் குடிப்பதைக் கண்டு வயிறெரிகிறவர்கள் அல்ல நாம்.

ஆனால், அதே கரையோரமாகச் சில கல் தொலைவு வடக்கே வாருங்கள். பழவேற்காடு. டச்சுக்காரன் 1613-ல் கோட்டை கட்டிக் கொடியேற்றிய ஊர். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்று இரண்டு நீருக்கும் நடுவே மீனவக் குப்பங்கள். நான்கு பக்கமும் தண்ணீர். வாயில் வைத்தால் உப்பு! குடிக்கவேண்டுமானால் கேன் வாங்கு, காசைக் கொடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீஞ்சூர் ஆலையிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியம் தண்ணீர் வாங்க ஒப்பந்தம் போட்டபோது, ஆயிரம் லிட்டருக்குப் பேசிய விலை 48 ரூபாய் 66 காசு. இருபது லிட்டர் கேன் ஒன்று முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், குப்பத்து மீனவன் அதே ஆயிரம் லிட்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறான். முப்பது மடங்கு! வலையில் அகப்பட்ட இறால் விலை போனால் கேன். விலை போகாவிட்டால் கடன் கேன்.

இந்த மண்ணுக்கு எப்போதுமே நல்ல தண்ணீர் இல்லையா? இருந்தது. ஆரணியாறும் கொசத்தலையாறும் மணலில் ஊறவைத்த ஊற்று இருந்தது. அறுபதுகளின் கடைசியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆராய்ச்சி நடத்தி, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களில் வரிசை வரிசையாகக் குழாய்க் கிணறு இறக்கினார்கள். பட்டணமும் உறிஞ்சியது, ஆலையும் உறிஞ்சியது, வயலும் உறிஞ்சியது. மேலே நல்ல நீர் குறையக் குறைய, கீழே கடல் உள்ளே நுழைந்தது. 1969-ம் ஆண்டு வாக்கில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் நின்ற உப்பு, பின்னர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே மீஞ்சூர் வயல்களுக்கடியில் ஊர்ந்துவிட்டது. பட்டணத்தின் தாகம் தீர்ந்த கதைக்குப் பின்னால் இந்த வட்டாரத்தின் கிணறுகள் கெட்ட கதை இருக்கிறது. ஆகவே, பொன்னேரி வட்டாரத்துக்கு நல்ல தண்ணீர் தருவதைத் தர்மம் என்று எவரும் சொல்லவேண்டாம். அது பழைய பாக்கி.

பாக்கியைத் தீர்க்க சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். செய்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆர்.ஓ. யந்திரம், அங்கன்வாடியில் ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று, பஞ்சாயத்துத் தொட்டியடியில் ஒன்று என்று தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகிலும், முக்கியமாக 2004 சுனாமிக்குப் பிறகு, யந்திரங்கள் வந்து இறங்கியபடியே இருக்கின்றன. சர்க்கார் கொடுத்தது, கம்பெனிகள் கொடுத்தது, தர்ம ஸ்தாபனங்கள் கொடுத்தது. ரிப்பன் வெட்டு உண்டு, போட்டோ உண்டு, பெயர் பொறித்த பலகை உண்டு. இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள். எத்தனை ஊரிலே பலகை பளபளக்கிறது, குழாய் வறண்டு கிடக்கிறது! தலைமையாசிரியர் கம்பெனிக்குப் போன் போடுகிறார். "வாரண்டி முடிஞ்சிருச்சு சார்" என்று பதில் வருகிறது. அவர் அலுவலகத்துக்கு எழுதுகிறார். "நிதி ஒதுக்கீடு இல்லை" என்று பதில் வருகிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள். கதை முடிந்தது.

ஏன் இப்படி? யந்திரம் மட்டமானதா? சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். ஆனால் நோயின் வேர் அங்கே இல்லை. பட்டணத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தில் சர்க்கார் தண்ணீரை வாங்கியது: இத்தனை லிட்டர் ஊற்று, இத்தனை ரூபாய் வாங்கிக்கொள். கிராமத்துக்குப் போட்ட ஒப்பந்தத்திலோ யந்திரத்தை வாங்கியது: இறக்கிவைத்துவிடு, பில்லை வாங்கிக்கொள். தண்ணீருக்குக் காசு என்றால், தண்ணீர் நின்றால் காண்ட்ராக்டருக்கு வலிக்கும். யந்திரத்துக்குக் காசு என்றால், இறக்கிவைத்த மறுநாளே அவனுக்கும் அந்த ஊருக்கும் உறவு அற்றுப்போகும்.

மீஞ்சூர் ஒப்பந்தத்தை நாம் மெச்சுவதாக யாரும் எண்ணவேண்டாம். இருபத்தைந்து ஆண்டுக்குத் தண்ணீரைத் தனியார் கையில் ஒப்படைத்த ஒப்பந்தம் அது. அதைக் கட்டுவதில் முன்னின்ற ஐதராபாத் கம்பெனியே 2018-ல் திவால் நடவடிக்கைக்கு ஆளாயிற்று என்பதையும் மறக்கவில்லை. தண்ணீருக்குக் காசு என்ற ஒரு கொள்கையைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். நெம்மேலியில் 2013-ல் திறந்த ஆலையைக் கட்டியவர்களிடமே ஏழாண்டுக்கு இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்தார்கள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது, "இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை நீர் வராது, லாரிக்கு இந்த நம்பரில் கேளுங்கள்" என்று பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுக்கிறார்கள். பட்டணத்துக்கு உள்ள இந்த மரியாதை குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

பராமரிப்பு என்றால் என்ன என்பதையும் நம் தோழர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். தெரியாதவனிடம்தான் எதையும் காட்டிக் கையெழுத்து வாங்கமுடியும்.

போரிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் முதலில் மணல் பில்டர், கரி பில்டர், பிறகு மெல்லிய நூல் சுற்றினாற்போன்ற காட்ரிட்ஜ் பில்டர் வழியாக வருகிறது. பிறகு பெரிய பம்பு அதை மெம்பிரேன் என்னும் சவ்வுச் சுருளுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. நல்ல நீர் ஒரு பக்கம், உப்புக் கூடிய கழிவு நீர் மறுபக்கம். உயிர்நிலை அந்த மெம்பிரேன்தான். விலை கூடியதும் அதுவே. காட்ரிட்ஜை மாற்றவேண்டிய வேளையில் மாற்றாவிட்டால் சேறு மெம்பிரேனில் படியும். சுண்ணாம்பு படியாதிருக்க ஊற்றும் மருந்து தீர்ந்துபோனால் கல் போலப் பிடித்துக்கொள்ளும். கரி பில்டர் கெட்டால் குளோரின் தாண்டிப் போய்ச் சவ்வையே அரித்துவிடும். நீரின் அளவு பத்து, பதினைந்து சதவிகிதம் குறைந்தவுடனே மருந்துக் கழுவல் கொடுத்தால் மெம்பிரேன் மூன்று, ஐந்து ஆண்டு உழைக்கும். பாதியாகக் குறைந்த பிறகு கழுவினால் கழுவியவனுக்குக் கூலிதான் மிச்சம். சில நூறு ரூபாய்க் காட்ரிட்ஜ் வாங்கவில்லை என்பதற்காக ஆயிரக்கணக்கில் மெம்பிரேனைப் பறிகொடுப்பதுதான் நம் நாட்டுச் சிக்கனம்!

இன்னொன்று. பள்ளிக்கூடம் ஏப்ரல் கடைசியில் பூட்டினால் ஜூனில்தான் திறக்கிறது. அதுவரை யந்திரம் சும்மா கிடக்கிறது. ஓடுகிற யந்திரம்தான் தேயும், சும்மா கிடப்பது தேயாது என்று அதிகாரி நினைக்கிறார். ஆர்.ஓ. விஷயத்தில் அது தலைகீழ். நின்ற நீரில் கிருமி வளர்ந்து சவ்வு பாசி பிடித்துப்போகும். அந்த நாட்களிலும் தினம் சற்று நேரம் ஓட்டிக் கழுவவேண்டும். அல்லது பூட்டும்போதே பாதுகாப்பு மருந்தில் ஊறவைத்துவிட்டுப் போகவேண்டும். "மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்போம்" என்று எழுதிய ஒப்பந்தத்தில் இதற்கு இடம் உண்டா? மே மாதம் வந்த மெக்கானிக் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிப் போய்விடுகிறான். வருகை ஒன்று, பில் ஒன்று.

பழவேற்காட்டுப் பக்கத்துக்கு இதற்கு மேலும் சில தொல்லைகள். உப்புக் காற்றில் சுவிட்சு போர்டு துருப்பிடிக்கும். மின்சாரம் ஏறி இறங்கினால் பம்பு கருகும். ஐப்பசி கார்த்திகை மழையில் போரில் உப்புக் குறையும். சித்திரை வைகாசியில் ஏறும். மழைக்காலத்து நீரைச் சோதித்து யந்திரம் வாங்கினால் கோடையில் அது மூச்சுத் திணறும்.

நாம் சொல்வது மீனவத் தோழருக்குப் புதிதல்ல. வலையைக் கரையில் இழுத்துப் போட்டவுடனே கிழிசல் பார்த்துப் பொத்துவது அவர் வழக்கம். மீன் தப்பிய பிறகு பொத்துகிறவன் மீனவனே அல்ல. இந்த ஏரியிலே பாடு என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இன்ன இடத்தில் இன்னார் வலை வைக்கும் முறை என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எழுத்தறியாதவர் வகுத்த அந்த ஏற்பாட்டில் யார் பொறுப்பு, என்றைக்குப் பொறுப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். சர்க்கார் யந்திரத்துக்கோ? பள்ளிக்கூடம் ஒரு இலாகா, அங்கன்வாடி ஒரு இலாகா, ஆஸ்பத்திரி ஒரு இலாகா, பஞ்சாயத்து ஒரு இலாகா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு யந்திரம். ஒன்றுக்கும் ஒரு மெக்கானிக் இல்லை. எல்லார் வீட்டுப் பிள்ளையும் பட்டினி என்ற கதைதான்.

கவனியாமல் விட்டால் குழாய் வறளும், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். அவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. குழாய் வறளாமல், கெட்ட நீர் வந்தால்? கனடா நாட்டிலே வாக்கர்டன் என்றொரு சிற்றூர். ஏறக்குறைய ஐயாயிரம் பேர். 2000-ம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்து, மாட்டுச் சாணக் கழிவு ஊர்க் கிணற்றில் கலந்தது. ஏழு பேர் மாண்டனர். இரண்டாயிரத்து முந்நூறு பேர் வரை படுக்கையில் விழுந்தனர். நீதிபதி ஓ'கானர் விசாரித்தார். தினம் குளோரின் அளந்து ரிஜிஸ்டரில் எழுதவேண்டியவர்கள் அளக்காமலே 0.5, 0.75 என்று எழுதிவந்தார்கள் என்பது வெளிவந்தது. நீரைச் சோதித்த தனியார் பரிசோதனைக் கூடம் கெட்ட முடிவை நீர் வாரியத்துக்கு மட்டும் அனுப்பியது. சுகாதார இலாகாவுக்குச் சொல்லவில்லை. பணக்கார நாட்டில், படித்த ஊரில் இது நடந்தது. ரிஜிஸ்டரை மட்டும் நம்புகிற நம் அதிகாரிகள் இதைப் படிக்கவேண்டும்.

ஆர்.ஓ. நீருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் பொருந்தும். அந்த நீரில் குளோரின் மிச்சம் இராது. அதைக் கழுவாத தொட்டியில் தேக்கினால் கிருமிக்கு விருந்து. கையில் பேனா போல ஒரு கருவியை வைத்துக்கொண்டு "டி.டி.எஸ். குறைவாயிருக்கிறது, தண்ணீர் சுத்தம்" என்று காட்டுவார்கள். அந்தக் கருவி உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. உப்பில்லாத நீர் வேறு, நோயில்லாத நீர் வேறு.

"அப்படியானால் காண்ட்ராக்ட்டே வேண்டாம், சர்க்காரே ஆள் வைத்துப் பார்க்கட்டும்" என்று நம் தோழர்கள் சொல்வார்கள். நமக்கும் அதுதான் ஆசை. வெறும் ஆசையும் அல்ல. இதே தமிழ்நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது. எழுபதுகளில் ஊருக்கு ஊர் கைபம்பு போட்டார்கள். போட்ட பம்புகள் உடைந்து கிடந்தன. யூனிசெப் உதவியோடு இந்தியா மார்க் 2 பம்பு உருவாயிற்று. அதில் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் பட்டறைக்கும், பம்பைச் சோதித்த கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் பங்குண்டு. அதைவிட முக்கியம், அந்தப் பம்புக்குப் பின்னால் நின்ற ஆட்கள். கிராமத்தில் பம்பைக் கவனிக்க ஒருவர், ஒன்றியத்தில் ஒரு பிட்டர், ஜில்லாவில் வண்டியும் கருவியும் கொண்ட ஒரு குழு. பழுது என்றால் கிராமத்து ஆள் கையிலுள்ள தபால் கார்டைப் போட்டுவிடுவார். போன் இல்லாத காலத்திலே தபால் கார்டு வேலை செய்தது; ஆளுக்கொரு செல்போன் உள்ள காலத்திலே யந்திரம் ஊமையாய்க் கிடக்கிறது!

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. இலங்கைக் கடற்படையைப் பற்றித் தமிழ்நாட்டு மீனவரிடம் நல்ல சொல்லை எதிர்பார்க்கமுடியாது, நாமும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்நாட்டின் வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் பரவியபோது, 2015-க்குப் பிறகு அந்தக் கடற்படை தன் ஆட்களைக் கொண்டே ஆர்.ஓ. யந்திரங்களைப் பூட்டி, நூற்றுக்கணக்கான இடங்களில் நிறுவியது என்பதும் உண்மை. சர்க்கார் ஊழியருக்கு யந்திரம் வராது என்கிறவர்களுக்கு இது பதில்.

ஆயினும், அந்த நாள் வரும்வரை குப்பத்துக் குழந்தை தாகத்தோடு காத்திருக்கமுடியாது. இன்று காண்ட்ராக்ட்தான் நடைமுறை என்றால், காண்ட்ராக்ட்டைப் பல்லுள்ளதாகப் போடு என்கிறோம். யந்திரத்தின் விலையையும் ஐந்தாண்டுப் பராமரிப்பின் விலையையும் ஒன்றாகச் சேர்த்து டெண்டர் கேட்கட்டும். கூட்டுத் தொகையில் எது குறைவோ அதுவே குறைவு. யந்திரத்தை மலிவாய்க் கொடுத்துவிட்டு மறைகிறவன் அப்போதுதான் பின்வாங்குவான். 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. டெண்டர் பத்திரம் எழுதுகிற கைதான் நிற்கிறது. மெம்பிரேன், பம்பு, காட்ரிட்ஜ், மருந்து எல்லாம் ஒப்பந்தத் தொகைக்குள் அடங்கவேண்டும். "உதிரி பாகம் தனி" என்று ஒரு வரி இருந்தால் அது பராமரிப்பு ஒப்பந்தமே அல்ல, விசிட் கட்டண ஒப்பந்தம். மாதம் எத்தனை நாள் நல்ல நீர் வந்ததோ அத்தனை நாளுக்குக் காசு. பழுது என்று சொல்லி இரண்டு நாளில் சரியாகாவிட்டால், காண்ட்ராக்டர் செலவில் கேன் வந்து இறங்கவேண்டும். நீரைச் சோதிப்பவர் காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக்கூடாது; முடிவைத் தமிழில் எழுதிக் குழாயடியில் ஒட்டவேண்டும். மீஞ்சூர் ஒன்றியத்துக்குள் எந்த இலாகாவின் யந்திரமானாலும் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தமாகச் சேர்த்தால், பொன்னேரியிலேயே ஒரு மெக்கானிக்கும் ஒரு உதிரி பாகக் கிடங்கும் வைக்கக் கட்டுப்படியாகும்.

சர்க்காரும் தன் பங்கைச் செய்யவேண்டும். செய்த வேலைக்குப் பில்லை மாதக்கணக்கில் தூங்கவைத்தால், சின்னக் காண்ட்ராக்டர் முதலில் நிறுத்துவது மருந்து வாங்குவதை, அடுத்து நிறுத்துவது தொழிலாளியின் சம்பளத்தை. அந்தத் தொழிலாளியைப் பற்றியும் ஒரு சொல். யந்திரத்தைத் தினம் திறந்து மூடும் ஆள், தொட்டி கழுவும் ஆள், எந்த ஒப்பந்தத்திலும் பெயரில்லாத ஆள். அந்த ஊர் இளைஞனோ பெண்ணோ பயிற்சி பெற்று, குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி சம்பளமும், பி.எப்.பும் பெறவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். அரை வயிற்றுக் கூலிக்கு வேலை செய்கிறவனிடம் வாக்கர்டன் ரிஜிஸ்டரைத்தான் எதிர்பார்க்கலாம்.

2019 ஆகஸ்ட் 15-ல் மத்திய சர்க்கார் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்து, 2024-க்குள் வீட்டுக்கு வீடு குழாய் என்றது. 2025 பட்ஜெட்டில் கெடுவை 2028-க்குத் தள்ளியது. குழாய் வரட்டும். குழாய் வந்தாலும் உப்பு நீரைச் சுத்தம் செய்ய யந்திரம் வேண்டும், யந்திரத்துக்கு ஆள் வேண்டும்.

பழவேற்காடு, பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத் தோழர்களுக்கு இதோ வேலை. ஒவ்வொரு கிளையும் தன் எல்லையிலுள்ள பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையம், பஞ்சாயத்து அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஒரு நடை போய்வரட்டும். யந்திரம் ஓடுகிறதா, எந்தத் தேதியில் கடைசியாகக் காட்ரிட்ஜ் மாற்றினார்கள், பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எந்த நாளோடு முடிகிறது, கடைசி நீர்ப் பரிசோதனை முடிவு எங்கே என்ற நான்கு கேள்வியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியரோடும் நர்சம்மாவோடும் சண்டைக்குப் போகவேண்டாம். அவர்களும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறவர்கள்தான். நோட்டோடு கிராம சபைக்குப் போகவேண்டும். மார்ச் 22 தண்ணீர் தினத்துக் கிராம சபையிலே கேளுங்கள். பதில் வராவிட்டால் மே தினத்துக் கிராம சபையிலே, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் அந்த நாளிலே, மறுபடி கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகலைச் சபையில் வாசித்துக் காட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டு, மினிட் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கலையுங்கள்.